எண் கேட்ட இடத்தில் அரே வந்தால்

வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய பிஎச்பி தளம். ஹோஸ்டிங்காரர்கள் சர்வரை பிஎச்பி 8-க்கு மாற்றினார்கள். மறுநாளே சில பக்கங்கள் வெள்ளையாகத் திறக்கின்றன. லாக் கோப்பைப் பார்த்தால் ‘டைப்எரர்’ என்று வரிசையாகக் கிடக்கிறது. உங்கள் தளம் இந்த நிலையில் இருந்தால், இந்த அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். புதிதாகத் தளம் எழுதப்போகிறவர்களும் இதே வரிசையில் போகலாம். அவர்களுக்கு வேலை பாதிதான்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறிய புத்தகக் கடையின் தளத்தை வைத்துக்கொள்வோம். புத்தகப் பக்கம், தேடல் பெட்டி, கூடை, வாடிக்கையாளர் லாகின், கடைக்காரர் விலை போடும் பக்கம் ஆகியவை அதில் உண்டு. ஒரு ஃபங்ஷன் ஒரு வகை மதிப்பை எதிர்பார்த்திருக்க, நாம் வேறு வகையைக் கொடுத்துவிடும் சிக்கல் இந்த ஐந்து இடங்களிலும் ஐந்து விதமாக வரும்.

ஏன் இப்போது மட்டும்?

ஃபார்ம் வழியாகவும் முகவரி வழியாகவும் பிரவுசர் அனுப்புவதெல்லாம் எழுத்துதான். முகவரியில் ‘ஐடி=5’ என்று வந்தால் உங்கள் கைக்குக் கிடைப்பது 5 என்ற எண் அல்ல, ‘5’ என்ற ஸ்ட்ரிங். யாராவது சதுர அடைப்புக்குறி சேர்த்து ‘ஐடி[]=5’ என்று அனுப்பினால் பிஎச்பி அதை அரேயாக்கித் தரும். எதுவுமே அனுப்பாவிட்டால் நல். ஒரே உள்ளீடு மூன்று வடிவங்களில் வரலாம். எந்த வடிவம் என்பதைத் தீர்மானிப்பவர் அனுப்புகிறவர், நீங்கள் அல்ல.

பழைய பிஎச்பி இதையெல்லாம் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2015 டிசம்பரில் வந்த 7.0-வில்தான் இன்ட், ஸ்ட்ரிங் போன்ற வகைகளை ஃபங்ஷனிலேயே குறிப்பிடும் வசதி கிடைத்தது. 2020 நவம்பரில் வந்த 8.0, பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன்களுக்குத் தவறான வகை போனால் டைப்எரர் எழுப்பி ஓட்டத்தை நிறுத்தத் தொடங்கியது. 2021 நவம்பரில் வந்த 8.1, அந்த ஃபங்ஷன்களுக்கு நல் கொடுப்பதைப் பற்றியும் எச்சரிக்கிறது. ஆகவே உங்கள் நிரலில் புதிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. முன்பே இருந்த ஓட்டை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

தொடங்கும் முன்

1. கோப்புகளையும் டேட்டாபேஸையும் தனித்தனியாக பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறோர் இடத்தில் ஏற்றி, அது உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள்.

2. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் கை வைக்காதீர்கள். சர்வரில் உள்ள அதே பிஎச்பி பதிப்பை உங்கள் கணினியில் நிறுவி, அங்கே திருத்துங்கள். 8.0-வுக்கும் 8.1-க்கும் இடையிலேயே நடத்தை மாறுகிறது என்பதால் பதிப்பு எண் சரியாகப் பொருந்த வேண்டும்.

3. ஓடும் தளத்தில் எரர் திரையில் தெரியக் கூடாது, லாக்கில் மட்டும் பதிவாக வேண்டும். ‘டிஸ்ப்ளே_எரர்ஸ்’ அணைந்தும் ‘லாக்_எரர்ஸ்’ எரிந்தும் இருக்கட்டும். எரர் செய்தியில் கோப்பின் முழுப் பாதை இருக்கும். அதை அந்நியர் பார்க்க விடக் கூடாது. உங்கள் கணினியில் இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

4. வேர்ட்பிரஸ் என்றால் டீபக் லாக் வசதியை இயக்கும்போது பதிவுகள் ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டருக்குள் ‘டீபக்.லாக்’ என்ற கோப்பில் சேரும். பல சர்வர்களில் அந்தக் கோப்பை முகவரி தெரிந்த எவரும் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

குறிப்பு: கடை மூடிக் கிடக்கிறது, ஆர்டர் நின்றுவிட்டது என்ற அவசரத்தில் 7.4-க்குத் திரும்பிப் போக ஹோஸ்டிங் பேனலில் வழி இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் மூச்சு விட அது உதவும். ஆனால் 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, அங்கேயே தங்கிவிடாதீர்கள்.

எரர் செய்தியைப் படிக்கும் முறை

லாக்கில் அடிக்கடி காணும் வரி ஒன்று: ‘ட்ரிம்(): ஆர்கியுமென்ட் #1 ($ஸ்ட்ரிங்) மஸ்ட் பி ஆஃப் டைப் ஸ்ட்ரிங், அரே கிவன்’. ட்ரிம் என்ற ஃபங்ஷனின் முதல் ஆர்கியுமென்ட் ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும், நீங்கள் அரே கொடுத்திருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. இந்த வரிசையில் படியுங்கள்:

1. எந்த ஃபங்ஷன்?

2. எத்தனையாவது ஆர்கியுமென்ட்?

3. கேட்ட வகை எது, கொடுத்த வகை எது?

4. நீங்களே எழுதிய ஃபங்ஷன் என்றால் செய்தியின் பின்பகுதியில் ‘கால்டு இன்’ என்று ஒரு கோப்பும் வரி எண்ணும் இருக்கும். அங்கிருந்துதான் தவறான மதிப்பு போயிருக்கிறது. எரர் வெடித்த வரியை விட்டுவிட்டு இந்த வரிக்குப் போங்கள்.

கொடுத்த வகையை வைத்தே நோயைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ‘அரே கிவன்’ என்றால் வெளியிலிருந்து எவரோ, பெரும்பாலும் ஒரு தானியங்கி நிரல், சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறது. ‘நல் கிவன்’ என்றால் ஃபார்மில் அந்தக் கட்டமே வரவில்லை, அல்லது டேட்டாபேஸில் அந்தப் பத்தி காலியாக இருக்கிறது. இன்ட் கேட்ட இடத்தில் ‘ஸ்ட்ரிங் கிவன்’ என்றால் வந்தது வெற்று ஸ்ட்ரிங்காகவோ எண்ணாகப் படிக்க முடியாததாகவோ இருக்கும். ‘12’ போன்ற சுத்தமான எண் ஸ்ட்ரிங்கைச் சாதாரண நிலையில் பிஎச்பி தானே 12 ஆக்கிக்கொள்ளும்.

வாசலிலேயே சரிபார்ப்பது

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அரிசியில் கல் பொறுக்குவது உலையில் போடும் முன், சோற்றில் அல்ல. எரர் வந்த ஒவ்வொரு வரியிலும் ஒட்டுப் போட்டுக்கொண்டு போனால் அடுத்த வாரம் வேறொரு வரியில் அதே மதிப்பு வெடிக்கும். மதிப்பு உள்ளே நுழையும் இடத்தில் அதன் வகையை உறுதிசெய்துவிட்டால் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் எல்லாம் நிம்மதியாக வேலை செய்யும்.

1. ஒரு பக்கத்தை எடுத்து, அதற்குள் வரும் உள்ளீடுகளைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் வகை, குறைந்தது, அதிகம், கட்டாயமா இல்லையா என்று குறியுங்கள். கூடைப் பக்கத்துக்கு: புத்தக எண், இன்ட், 1 முதல், கட்டாயம். பிரதிகள், இன்ட், 1 முதல் 50 வரை, கட்டாயம். தள்ளுபடிக் குறியீடு, ஸ்ட்ரிங், 20 எழுத்துக்குள், விருப்பம்.

2. அந்த உள்ளீடுகளைப் படிக்கும் வரிகளைக் கோப்பின் தலைப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். ஃபங்ஷன்களுக்கு உள்ளே ‘$_கெட்’, ‘$_போஸ்ட்’ என்று நேரடியாகக் கை நீட்டும் வரிகள் இருந்தால் எடுத்துவிட்டு, தேவையான மதிப்பை ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள்.

3. எண்களுக்கு ‘ஃபில்டர்_இன்புட்’ ஃபங்ஷனை ‘ஃபில்டர்_வேலிடேட்_இன்ட்’ என்ற விதியோடு பயன்படுத்துங்கள். குறைந்தது, அதிகம் இரண்டையும் அதிலேயே கொடுக்கலாம். மூன்று விதமான விடை வரும்: சரியான எண் என்றால் இன்ட், தவறு என்றால் ஃபால்ஸ், அந்தப் பெயரே வரவில்லை என்றால் நல். அரே வந்தாலும் ஃபால்ஸ்தான். இந்த விடையை எப்போதும் மூன்று சமக்குறி போட்டே ஒப்பிடுங்கள். இரண்டு சமக்குறி போட்டால் 0 என்ற சரியான எண்ணும் ஃபால்ஸ் என்று கணக்காகிவிடும்.

4. ஸ்ட்ரிங்குகளுக்கு முதலில் ‘இஸ்_ஸ்ட்ரிங்’ சோதனை, பிறகு ட்ரிம், பிறகு நீளச் சோதனை. வரிசை மாறக் கூடாது. ட்ரிம் முதலில் வந்தால் அரே வரும்போது அங்கேயே டைப்எரர். தமிழ்ப் பெயர்களின் நீளத்தை ‘எம்பி_ஸ்ட்ர்லென்’ கொண்டு அளவிடுங்கள். சாதாரண ‘ஸ்ட்ர்லென்’ எண்ணுவது பைட்டுகளை. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட் எடுக்கும் என்பதால் நீளமில்லாத பெயரையும் அது நீளம் என்று தள்ளிவிடும்.

5. பல செக்பாக்ஸ் உள்ள இடத்தில் எதிர்பார்ப்பது அரே. வாடிக்கையாளர் ஒன்றையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பிரவுசர் அந்தப் பெயரையே அனுப்பாது. கைக்கு வருவது வெற்று அரே அல்ல, நல். அதை அப்படியே ‘கவுன்ட்’ அல்லது ‘இன்_அரே’ ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் பிஎச்பி 8-இல் டைப்எரர். பெயர் வராதபோது வெற்று அரே என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் அரேதானா என்று பார்த்து, உள்ளே உள்ள ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

6. சோதனையில் தோற்றால் என்ன செய்வது என்று முன்பே முடிவெடுங்கள். புத்தக எண் தவறு என்றால் 404. ஃபார்மில் பிழை என்றால் 422 குறியீட்டோடு அதே ஃபார்மைத் திரும்பக் காட்டி, எந்தக் கட்டம் தவறு என்று தமிழில் சொல்லுங்கள். ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் அரே வந்தால் அவர் சாதாரண வாடிக்கையாளர் அல்ல; 400 போதும். 500 என்பது நம் தவறுக்கான குறியீடு. வெளியார் அனுப்பிய கோளாறான உள்ளீட்டுக்கு அது போகக் கூடாது.

7. இதெல்லாம் முடிந்த பிறகே உங்கள் ஃபங்ஷனை அழையுங்கள். அந்த ஃபங்ஷனிலும் ஒவ்வோர் ஆர்கியுமென்ட்டுக்கும் வகை எழுதியிருங்கள். நல் வரலாம் என்றால் வகைக்கு முன் கேள்விக்குறி போடுங்கள். வரக் கூடாது என்றால் போடாதீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி போடுகிறவர்கள் உண்டு. அது காவலை எடுத்துவிடுவதற்குச் சமம்.

லாரவெல் பயன்படுத்துகிறவர்கள் ரூட்டிலேயே ‘வேர்நம்பர்’ போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எண்ணுக்குப் பதில் எழுத்து உள்ள முகவரி, இன்ட் கேட்கும் கன்ட்ரோலர் வரை போய் 500 ஆக முடியும்.

அடிக்கடி தவறும் இடங்கள்

முன்னால் ‘(இன்ட்)’ போட்டு மாற்றிவிடுவது. எரர் உடனே மறையும். அதனால்தான் இது ஆபத்தான பழக்கம். கடைக்காரர் விலைக் கட்டத்தில் ‘1,500’ என்று கமா போட்டுத் தட்டச்சு செய்கிறார். அதை இன்ட் ஆக மாற்றினால் கிடைப்பது 1. ‘1,50,000’ போட்டாலும் 1. தளம் எந்தப் புகாரும் சொல்லாமல் புத்தகத்தை ஒரு ரூபாய்க்கு விற்கும். ‘ஏபிசி’ போன்ற எழுத்துகள் 0 ஆகும். டைப்எரர் வந்திருந்தால் ஒரு பக்கம் நின்றிருக்கும், நீங்கள் அன்றே பார்த்திருப்பீர்கள். இங்கே மாத இறுதிக் கணக்கில்தான் தெரியும். விலைக் கட்டத்தில் கமாவை நீங்களே நீக்குங்கள், பிறகு மேலே சொன்ன சோதனையை நடத்துங்கள்.

‘ஃபால்ஸ்’ என்ற சொல் ஸ்ட்ரிங்காக வருவது. அதை பூல் ஆக மாற்றினால் ட்ரூ ஆகிவிடும், ஏனெனில் அது காலியில்லாத ஸ்ட்ரிங். ஆம், இல்லை உள்ளீடுகளுக்கு ‘ஃபில்டர்_வேலிடேட்_பூலியன்’ இருக்கிறது. ‘ஆன்’, ‘யெஸ்’, ‘1’ போன்றவற்றையும் அது சரியாகப் புரிந்துகொள்ளும்.

எண் போலத் தெரிவதையெல்லாம் இன்ட் ஆக்குவது. கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனை எண் எல்லாம் ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும். 0-வில் தொடங்கும் கணக்கு எண்ணை இன்ட் ஆக்கினால் அந்த 0 போய்விடும், பணம் சேர வேண்டிய இடம் மாறும். கூட்டவோ பெருக்கவோ போகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அது ஸ்ட்ரிங். பெரிய எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். ட்விட்டர் தன் பதிவு எண்களை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்துத் தரத் தொடங்கியது இதனால்தான். 64 பிட் எண்ணை ஜேசனில் அனுப்பும்போது ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள்.

‘எக்ஸெப்ஷன்’ பிடித்தால் போதும் என்று நினைப்பது. டைப்எரர் ‘எரர்’ குடும்பத்தைச் சேர்ந்தது, ‘எக்ஸெப்ஷன்’ குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. இரண்டையும் பிடிக்க ‘த்ரோவபிள்’ வேண்டும். அதைத் தளத்தின் மிக மேல்மட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் பிடித்து, லாக்கில் எழுதி, வாடிக்கையாளருக்கு மரியாதையான ஒரு பக்கம் காட்டுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனிலும் பிடித்து விழுங்கிவிடாதீர்கள்.

பிரவுசரை நம்புவது. ஃபார்ம் கட்டத்தில் எண் மட்டும் என்று விதி போட்டாலும் அது பிரவுசருக்குள் மட்டும்தான் செல்லும். சர்வருக்கு நேரடியாக எதையும் அனுப்பலாம்.

இது பாதுகாப்பு விஷயமும்கூட

2014 அக்டோபர் 15 அன்று ட்ருபால் 7.32 பதிப்பு வெளிவந்தது. அதற்கு முந்தைய ட்ருபால் 7 தளங்களில் ஒற்றை மதிப்பு வர வேண்டிய ஃபார்ம் கட்டத்துக்கு அரே அனுப்பினால், அந்த அரேயின் சாவிப் பெயர்கள் சரிபார்க்கப்படாமல் டேட்டாபேஸ் கட்டளைக்குள் போய்ச் சேர்ந்தன. சாவிப் பெயரிலேயே எஸ்க்யூஎல் எழுதி அனுப்பியவர்கள் லாகின் செய்யாமலே தளத்தைக் கைப்பற்றினார்கள். திருத்தம் மிகச் சிறியது: சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டு மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ருபால் பாதுகாப்புக் குழு அதே மாதம் 29-ஆம் தேதி எச்சரித்தது.

பழைய பிஎச்பியில் ‘ஸ்ட்ர்சிஎம்பி’ கொண்டு கடவுச்சொல்லை ஒப்பிட்ட லாகின் பக்கங்களின் கதையும் இதேதான். கடவுச்சொல் கட்டத்துக்கு அரே அனுப்பினால் அந்த ஃபங்ஷன் நல் தரும், நல்லை இரண்டு சமக்குறியால் 0-வோடு ஒப்பிட்டால் ‘சமம்’ என்று விடை வரும், கதவு திறந்துவிடும். பிஎச்பி 8 அங்கே டைப்எரர் கொடுத்து நிறுத்துகிறது. அந்த எரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கடவுச்சொல்லுக்கு ‘பாஸ்வேர்ட்_வெரிஃபை’, ரகசியக் குறியீடுகளுக்கு ‘ஹாஷ்_ஈக்வல்ஸ்’ மட்டுமே பயன்படுத்துங்கள்.

மைஎஸ்க்யூஎல் தன் பங்குக்கு வகை மாற்றம் செய்யும். எழுத்துப் பத்தியை 0 என்ற எண்ணோடு ஒப்பிட்டால், எண்ணில் தொடங்காத எழுத்துகளையெல்லாம் 0 என்று கருதிப் ‘பொருந்தியது’ என்று திருப்பித் தரும். கடவுச்சொல் மாற்றும் குறியீட்டை ஜேசன் வழியாக வாங்குகிறீர்கள் என்றால், அது ஸ்ட்ரிங்தானா என்று கட்டாயம் சோதியுங்கள். மாங்கோடிபி பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் ஆப்ஜெக்ட் வந்தால் அது தேடல் நிபந்தனையாகவே மாறிவிடும்.

எச்சரிக்கை: இந்தச் சோதனைகளை உங்கள் கணினியில் உள்ள உங்கள் தளத்தில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் தளத்தில் அனுமதியின்றி முயல்வது இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம்.

டேட்டாபேஸிலிருந்து வரும் மதிப்புகள்

வாசல் ஒன்றல்ல, இரண்டு. டேட்டாபேஸிலிருந்தும் மதிப்பு உள்ளே வருகிறது. பிடிஓ வழியாக மைஎஸ்க்யூஎல் படிக்கும்போது, 8.1-க்கு முன் வழக்கமான அமைப்பில் இன்ட் பத்தியும் ஸ்ட்ரிங்காகவே வரும், 8.1 முதல் இன்ட் ஆக வருகிறது. பழைய நிரலில் மூன்று சமக்குறி போட்டு ‘1’ என்ற ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்ட வரிகள் எந்த எரரும் தராமல் பொய்த்துப் போகும். அவற்றைத் தேடிப் பிடித்துத் திருத்துங்கள். விலைக்கு வைத்த டெசிமல் பத்தி இப்போதும் ஸ்ட்ரிங்தான். அடுத்து சொல்லும் ஸ்ட்ரிக்ட் நிலையில் அதை ‘நம்பர்_ஃபார்மட்’ ஃபங்ஷனுக்கு நேரே கொடுத்தால் டைப்எரர் வரும்.

ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் எப்போது?

கோப்பின் முதல் கட்டளையாக ‘ஸ்ட்ரிக்ட்_டைப்ஸ்=1’ என்று அறிவித்தால், ‘12’ ஸ்ட்ரிங்கை 12 ஆக மாற்றிக்கொள்ளும் சலுகை அந்தக் கோப்பிலிருந்து செய்யும் அழைப்புகளுக்குக் கிடையாது. இன்ட் மதிப்பை ஃப்ளோட் கேட்கும் இடத்துக்குக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு. ஃபங்ஷன் எழுதப்பட்ட கோப்பு அல்ல, அதை அழைக்கும் கோப்புதான் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். இதை மாற்றிப் புரிந்துகொண்டு குழம்புகிறவர்கள் அதிகம்.

புதிய கோப்புகளில் முதல் நாளே போடுங்கள். பழைய தளத்தில் எல்லாக் கோப்பிலும் ஒரே நாளில் போடாதீர்கள். வாசல் சரிபார்ப்பு முடிந்த பக்கங்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள்.

ஓட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்க

பிஎச்பிஸ்டான் என்ற இலவசக் கருவி நிரலை ஓட்டாமலே படித்து வகைப் பொருத்தத்தைச் சோதிக்கும்.

1. கம்போசர் வழியாக நிறுவி, 0-ஆம் நிலையில் தொடங்குங்கள்.

2. வரும் பிழைகளைத் தீர்த்தபடி 5-ஆம் நிலை வரை ஏறுங்கள். ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் ஆர்கியுமென்ட்டின் வகை சரியா என்று பார்ப்பது 5-ஆம் நிலையில்தான்.

3. நூற்றுக்கணக்கில் பிழை கொட்டினால் இருப்பதையெல்லாம் ‘பேஸ்லைன்’ கோப்பில் பதிவுசெய்துவிட்டு, புதிதாக எழுதும் வரிகளில் மட்டும் பிழை வராமல் காத்துக்கொள்ளுங்கள். பழையவற்றை நேரம் கிடைக்கும்போது குறைக்கலாம்.

4. கருவி பிடிக்காத ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எண், புத்தக எண் இரண்டும் இன்ட். வரிசை மாற்றிக் கொடுத்தாலும் வகை பொருந்திவிடும். 8.0 முதல் ஆர்கியுமென்ட்டைப் பெயர் சொல்லிக் கொடுக்கலாம். இப்படிப்பட்ட ஃபங்ஷன்களை அப்படியே அழையுங்கள்.

கடைசியாக, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் உங்கள் கணினியில் ஐந்து மதிப்புகளை அனுப்பிப் பாருங்கள்: பெயரே இல்லாமல், காலியாக, ‘ஏபிசி’ என்று, சதுர அடைப்புக்குறியோடு, மைனஸ் எண்ணாக. ஐந்திலும் 500 வராமல், நீங்கள் முடிவெடுத்த குறியீடே வந்தால் அந்தப் பக்கம் தயார்.

எங்கே தொடங்குவது என்று தயங்க வேண்டாம். லாகின் பக்கத்தை முதலில் எடுங்கள், அடுத்து பணம் கட்டும் பக்கம், அதற்குப் பின் கடைக்காரர் விலை போடும் பக்கம். இந்த மூன்றையும் முடித்துவிட்டுத் தேடல் பெட்டிக்கு வாருங்கள்.